கார்-பைக் ஆக்சிடென்ட்டுங்க, எஃப்.ஐ.ஆர். படிச்சா தலையும் புரியல வாலும் புரியல

காங்கேயம் பையன்:
ஏனுங்க, விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. போன வாரம் அப்பா காங்கேயத்துல இருந்து பல்லடம் போற ரோட்ல கார் ஓட்டிட்டு போறப்ப அவிநாசிபாளையம் தாண்டி தெக்கால இருந்து வர்ற ஊர் ரோட்ல ஒரு பைக்காரர் படக்குனு மெயின் ரோட்ல ஏறிட்டாரு, காரோட இடது பக்க ஹெட்லைட்டுல அடிச்சு விழுந்துட்டாரு. அப்பாதான் 108 கூப்பிட்டு ஏத்தி விட்டாரு. இப்ப எஃப்.ஐ.ஆர். டவுன்லோட் பண்ணி பாத்தா, மேற்கு நோக்கி போன பைக்கோட பின்புறத்துல அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்து மோதினாருனு இருக்குதுங்க. புகார் குடுத்தது பைக்காரரோட மச்சான், அவரு ஸ்பாட்லயே இல்ல. 281, 125(ஏ) பி.என்.எஸ்.னு புது தண்டனைச் சட்ட செக்சன் போட்ருக்காங்க. அப்பா மேலதான் தப்புனு போலீஸ் முடிவே பண்ணிட்டாங்களா? காரு ஸ்டேஷன்ல நிக்குது, அப்பா சரியா சோறே திங்கறதில்லைங்க.

கோர்ட்டு குமாஸ்தா:
தம்பி, மொதல்ல அப்பாவை சாப்புடச் சொல்லுங்க. எஃப்.ஐ.ஆர்.ங்கறது மச்சான்காரர் சொன்னதை எழுதி குற்ற எண் போட்டது, தீர்ப்பு கெடையாது. அந்த அதிவேகம் அஜாக்கிரதை வரி இல்லாத ஆக்சிடென்ட் எஃப்.ஐ.ஆர். நான் பாத்ததே இல்ல, அது இருந்தாத்தான் அஜாக்கிரதையா வண்டி ஓட்டுனதுக்கான 281 நிக்கும். அது பழைய ஐ.பி.சி. சட்டத்துல 279, காயம் உண்டாக்குனதுக்கான 125(ஏ) அதுல 337, 2024 ஜூலை 1ல இருந்து நம்பர் மாறிருச்சு. ரெண்டும் ஜாமீன் கெடைக்கற செக்‌ஷன்தான். எலும்பு முறிஞ்சிருந்தா டாக்டர் சர்ட்டிபிகேட் வந்ததும் 125(பி)னு மாத்துவாங்க, புதுசா இன்னொரு கேஸ்னு பயந்துராதீங்க. சார்ஜ் ஷீட்டா, கைவிடறதாங்கறது விசாரணை முடிஞ்சுதான்.

ஸ்பானர் அண்ணன்:
செக்‌ஷனை விடுங்க, அந்த பைக்குல எங்க அடிபட்டிருக்குதுனு பாத்தீங்களா? பின்னாடி இருந்து கார் இடிச்சிருந்தா பைக்கோட டெயில் லைட்டு, நம்பர் பிளேட்டு, பின் மட்கார்டு எல்லாம் நொறுங்கி பின் வீல் ரிம்மே கோணிருக்கோணும். நீங்க சொல்ற மாதிரி தெக்கால இருந்து ஏறியிருந்தா காரு வந்தது அவருக்கு வலது கைப்பக்கம், அப்ப அடி முன் ஃபோர்க்குல இருக்கும், இல்லாட்டி வலது பக்க சைலன்சர், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல்ல இருக்கும். இடது பக்கம் தேய்ஞ்ச கீறல் இருந்தா அது ரோட்ல விழுந்து இழுத்ததா இருக்கும், அதை இடிச்சதுனு குழப்பிக்காதீங்க. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து ரெண்டு வண்டியையும் பாத்து எந்தெந்த இடத்துல சேதம்னு எழுதுவாரு, அந்த ரிப்போர்ட்டும் எஃப்.ஐ.ஆரும் ஒத்துப்போகலைனா அதுதான் உங்களுக்கு பலம். அவரு பாக்கற வரைக்கும் காருல ஒரு ஸ்க்ரூ கூட மாத்தக்கூடாது. இன்னைக்கே ஸ்டேஷன்ல கேட்டுட்டு ரெண்டு வண்டியையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைங்க.

நொய்யல்:
எதுக்குங்க இத்தனை இழுவை, 281க்கு ஃபைன் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான், ஒத்துக்கிட்டு கட்டிட்டு வேலையப் பாருங்க.

கோர்ட்டு குமாஸ்தா:
நொய்யல் அண்ணா, இப்படிச் சொல்லித்தான் பாதிப்பேரு மாட்டிக்கறாங்க. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டினா, பைக்காரர் இழப்பீடு கேட்டு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்கு போறப்ப அந்த உத்தரவை எடுத்து வெச்சு உங்காளே ஒத்துக்கிட்டாருனு சொல்லுவாங்க. தம்பி, விசாரணை அதிகாரிக்கு நடந்ததை எழுத்துல குடுத்து ரசீது வாங்குங்க. போலீஸ் ஸ்பாட்டைப் பாத்து எழுதற மகஜர், வரைபடத்துல அந்த தெக்கால ரோடு காட்டியிருக்குதானு பாருங்க, அது விடுபட்டிருந்தா மனுவுல மொதல் வரியா அதை எழுதுங்க. முக்குல பேக்கரி கீக்கரி இருந்தா கேமரா பதிவை இப்பவே கேளுங்க, கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சுரும். போலீஸ் 90 நாளுக்குள்ள விரிவான விபத்து அறிக்கையை தீர்ப்பாயத்துக்கு அனுப்போணும், நீங்க குடுக்கறது அதுக்கு முன்னாடி போய்ச் சேரட்டும்.

காங்கேயம் பையன்:
ரொம்ப நன்றிங்ணா. பேக்கரி இல்லைங்க, பெட்ரோல் பங்க் ஒண்ணு இருக்குது. இழப்பீடு வந்தா அப்பா கையில இருந்து கட்டோணுங்களா?

கோர்ட்டு குமாஸ்தா:
இன்சூரன்ஸ் உயிரோட இருந்து லைசென்ஸும் சரியா இருந்தா கம்பெனிதான் கட்டும். அவங்களுக்கு இன்னும் தகவல் குடுக்கலைனா நாளைக்கே எஃப்.ஐ.ஆர். காப்பியோட எழுத்துல குடுங்க. பங்க்குக்கு மட்டும் இன்னைக்கே போயிருங்க.