புதுப்பிப்பு: குழந்தைக்கான பரிசுப் பட்டியல் தயார்

பிறக்கப்போகும் குழந்தைக்குப் பரிசுப் பட்டியல் போடலாமா, பிரசவத்துக்கு முன் சாமான் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மாமியார் சொல்கிறாரே என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பட்டியல் போட்டாயிற்று. சாமான்கள் டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் நாத்தனார் வீட்டில் இருக்கட்டும், குழந்தை பிறந்ததும் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எடுத்து வரலாம் என்றதும் மாமியார் சரி என்றுவிட்டார். வளைகாப்பில் வளையலும் பூவும்தான்.

முதலிடம் கார் சீட்டுக்கு. தென்னாப்பிரிக்காவில் 2015 மே முதல் 3 வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் அதற்கான இருக்கையில்தான் உட்காரவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்போதே தேவைப்படும் என்பதால் இதை மட்டும் முன்பே பொருத்துகிறோம். விலை அதிகம், அதனால் கணவரின் தம்பிமார் சேர்ந்து வாங்குகிறார்கள். உறவினர் ஒருவர் பழையது தர முன்வந்தார். அன்புதான், ஆனால் விபத்தில் அடிபட்டதா என்று தெரியாத சீட்டை நான் ஏற்கமாட்டேன்.

பால் பாட்டிலில் கிருமி நீக்கும் மின்சார ஸ்டெரிலைசரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். கரண்ட் போனாலும் மில்டன் என்ற கிருமிநாசினி மாத்திரை கைகொடுக்கும்: பச்சைத்தண்ணீரில் கரைத்து, கழுவிய பாட்டிலை 15 நிமிடம் முழுக வைத்தால் போதும். கரைசலை 24 மணி நேரத்தில் மாற்ற வேண்டும்.

அப்புறம், தலையணையும் தொட்டில் ஓரத் திண்டும் பட்டியலில் இல்லை. முதல் வருஷம் உறுதியான மெத்தையில், பக்கத்தில் எதுவும் இல்லாமல், மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு. அத்தைமார் கேட்டால் இதையே சொல்லுங்கள்.

பருத்தித் துணி நாப்கின் தைத்துத் தருபவர் டர்பன் பக்கம் யாராவது இருக்கிறார்களா?