ஒரே டிஷ்ல ரெண்டாவது பாக்ஸ் போட்டவங்க உங்க அனுபவத்தை சொல்லுங்க

மாடி ரூமுக்கு ரெண்டாவது பாக்ஸ் போட்டதுல இருந்து கீழ அப்பா பாக்குற டிவில சில சேனல் வர்றதும் போறதுமா இருந்துச்சு. எல்லாமே போயிருந்தா காத்துல டிஷ் திரும்பிருச்சுன்னு நினைச்சிருப்போம், இது அப்படி இல்ல, நியூஸ் சேனல் நல்லா ஓடும், அடுத்த நம்பரை போட்டா சிக்னல் இல்லைன்னு வரும், மாடில நாங்க பாக்ஸை சுவிட்ச் போர்டுலயே அணைச்சுட்டா கீழ அதே சேனல் பளிச்சுன்னு வந்துரும். கஸ்டமர் கேர்ல கேட்டா ரீஸ்டார்ட் பண்ணுங்க, கார்டை எடுத்து துடைச்சு போடுங்கன்னு அதையேதான் திருப்பித் திருப்பி சொல்றாங்க.

இதே தொல்லை நிறைய வீட்ல இருக்குன்னு தெரியும், அதான் விவரமா எழுதுறேன். மாட்ட வந்தவரு புது கேபிள் இழுக்காம, ஏற்கனவே இறங்குற ஒத்தை கேபிளை நடுவுல வெட்டி ஒரு ஸ்ப்ளிட்டரை போட்டு ரெண்டா பிரிச்சு விட்டுட்டு போயிருக்காரு. கேபிள் டிவிக்கு அது சரி, எல்லா சேனலும் ஒரே நேரத்துல அந்த ஒயர்ல வந்துட்டே இருக்கும், அதைப் பிரிச்சு இன்னொரு டிவிக்கும் குடுக்கலாம். டிஷ் கதை வேற. சாட்டிலைட்ல இருந்து வெர்டிகல், ஹாரிசாண்டல்னு ரெண்டு விதமா சிக்னல் வருது, டிஷ்ஷுக்கு முன்னாடி கம்பில நீட்டிக்கிட்டு இருக்குற சிக்னல் வாங்குற மூக்கு இருக்குல்ல, அதுதான் எல்என்பி, சாதா எல்என்பி ஒரு நேரத்துல ரெண்டுல ஒண்ணைத்தான் கீழ அனுப்பும். எது வேணும்னு கேக்குறது நம்ம பாக்ஸ்தான், அதே கேபிள் வழியா மேல 13 வோல்ட் அனுப்புனா வெர்டிகல், 18 வோல்ட் அனுப்புனா ஹாரிசாண்டல். இப்ப ஒரே எல்என்பில ரெண்டு பாக்ஸ் தொங்குதுன்னு வைங்க, கீழ உள்ளது 13 கேக்குது மாடில உள்ளது 18 கேக்குது, எது அதிகமோ அதுக்குத்தான் எல்என்பி கட்டுப்படும், கீழ டிவில வெர்டிகல் சேனல் எல்லாம் காலி. பாக்ஸ்லயும் கோளாறு இல்ல, கார்டுலயும் கோளாறு இல்ல.

சில ஸ்ப்ளிட்டர்ல ஒரு பக்கம் மட்டும்தான் கரண்ட் பாயும். அதுல அந்தப் பக்கம் இருக்குற பாக்ஸை அணைச்சா அடுத்த டிவி மொத்தமா போயிரும். அது போக, பிரிச்சாலே சிக்னல் பாதிக்கு கீழ வந்துரும், வெயில் நாள்ல தெரியாது, ஐப்பசி மழைல படம் கட்டம் கட்டமா உடையும்போது தெரியும்.

எங்களுக்கு தீர்வு ட்வின் எல்என்பி. ஒரே மூக்கு, பின்னாடி ரெண்டு அவுட், ஒவ்வொண்ணும் தனி எல்என்பி மாதிரி வேலை செய்யும், அதனால பாக்ஸுக்கு ஒரு கேபிள் தனித்தனியா இறக்கணும். டிஷ்ஷை அசைக்கவே வேண்டாம், பழைய எல்என்பி கிளாம்ப்ல எந்த சாய்வுல இருந்துச்சோ அதை மார்க்கர்ல கோடு போட்டு வச்சு அதே சாய்வுல புதுசை பூட்டுனா போதும். டிஷ்ஷுக்கு போடுற ஆர்ஜி6 ரக கேபிள் வாங்குங்க. பாக்ஸ் பிளக்கை புடுங்கிட்டுதான் கனெக்டர்ல கை வைக்கணும், ஒயர்ல வோல்ட் இருக்கும்ல. கனெக்டர் மாட்டுறப்ப மேல் தோலை சீவி, பின்னல் கம்பியை பின்னாடி மடிச்சு விட்டு, உள்ள வெள்ளை இன்சுலேஷனை நறுக்கி நடுக்கம்பியை நீட்டணும், அப்ப பின்னல்ல ஒரே ஒரு இழை, தலைமுடி கணக்கா இருக்கும், அது நடுக்கம்பியை தொட்டாலும் ஷார்ட் ஆகி சிக்னல் சுத்தமா வராது. டார்ச் அடிச்சு பாத்துட்டு திருகுங்க. மாட்டி முடிச்ச அன்னிக்கு மேலயும் கீழயும் ஒரே நேரத்துல வேற வேற சேனலை மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தோம், ஒண்ணு கூட நிக்கல, அப்பாவுக்கு அவ்ளோ சந்தோஷம்.

நீங்க எப்படி போட்டீங்க?

---

அண்ணா இத்தனை நாளா எங்க வீட்லயும் பாக்ஸைத்தான் திட்டிட்டு இருந்தோம், இப்பதான் புரியுது, ரொம்ப நன்றி. நான் தூத்துக்குடி. எங்க ஏரியால கனெக்டர் துருதான் பெரிய பிரச்சனை, கடல் காத்துல சீக்கிரம் பச்சை பூத்துரும். ட்வின் போட்டா ரெண்டு மூட்டு வெளிய நிக்குது, ரெண்டுக்கும் ரப்பர் டேப் இழுத்து சுத்தணும், அப்புறம் எல்என்பில இருந்து வர்ற கேபிளை நேரா இறக்காம கொஞ்சம் தொங்கலா வளைச்சு விட்டா மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும், கனெக்டருக்குள்ள போகாது. தண்ணி ஒருதடவை பின்னலுக்குள்ள ஏறிட்டா கேபிளையே மாத்த வேண்டியதுதான், காய வச்சு பிரயோஜனம் இல்ல.

---

அபார்ட்மெண்ட்காரங்களுக்கு ஒண்ணு சொல்றேன். நாலு வீட்டுக்கு ஒரே டிஷ் போடலாம், ஆனா கடைல கேக்கும்போது குவாட் எல்என்பின்னு தெளிவா கேளுங்க. குவாட்ரோன்னு இன்னொண்ணு இருக்கு, அதுலயும் நாலு அவுட்தான், பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். குவாட்ல நாலுமே முழு அவுட், நேரா பாக்ஸுக்கு போகும். குவாட்ரோல ஒவ்வொரு அவுட்லயும் சிக்னல்ல ஒரு பங்குதான் வரும், அந்த நாலு பங்கையும் வாங்கி ஒவ்வொரு பாக்ஸும் கேக்குறதை அதுக்கு அனுப்புற மல்டிசுவிட்ச்னு ஒரு பெட்டி இல்லாம அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. எங்க பிளாக்ல குவாட்ரோவை மாட்டிட்டு ஒரு வீட்டுக்கு ஒரு பகுதி சேனல்தான் வருதுன்னு பெரிய சண்டையே நடந்துச்சு, பாவம் கடைக்காரரும் தெரியாமத்தான் குடுத்திருக்காரு.

---

ரெண்டாவது டிவிக்கு மாசாமாசம் பணம் கட்ட வேண்டாம்னு தூர்தர்ஷனோட இலவச டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸ் வாங்கலாமா? ட்வின்ல இருக்குற ரெண்டாவது அவுட்ல அதை மாட்டுனா வருமா சார்?

---

தம்பி, உங்க டிஷ் எந்த சாட்டிலைட்டை பாக்குதுன்னு முதல்ல பாருங்க. ஃப்ரீ டிஷ் வர்றது ஜிசாட்-15ல, 93.5 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு மேல நிக்குது. சென்னைல நின்னு பாத்தா அது தென்கிழக்கு, எங்க டிஷ் பாக்குறது 83 டிகிரி, அது ஏறக்குறைய தெற்கு. ட்வின் எல்என்பின்னாலும் அது ரெண்டு சாட்டிலைட்டை பாக்காது, அதனால எங்க வீட்டுக்குன்னா தனி டிஷ்தான். மாச செலவு கிடையாது, டிடி தமிழ் வரும், கட்டண சேனல் எதுவும் வராது. வீட்ல சீரியல் பாக்குறவங்க இருந்தா யோசிச்சுக்கோங்க.

பணம்னா ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது பாக்ஸை புது கனெக்‌ஷனா எடுக்காதீங்க, அதே ஐடில மல்டி டிவின்னு கேட்டு வாங்குங்க. 2020ல டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கொண்டு வந்த விதிப்படி ரெண்டாவது டிவிக்கு நெட்வொர்க் கட்டணத்துல (சேனல் விலை போக இணைப்புக்குன்னு மாசாமாசம் வாங்குறது) 40 சதவீதத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இருந்துச்சு, அப்ப முதல் டிவிக்கு 130 ரூபாய்னா அடுத்ததுக்கு 52 ரூபாய், வரி தனி. 2024 ஜூலைல நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துட்டாங்க, இப்ப கம்பெனிக்கு கம்பெனி வேற ரேட், அதனால பாக்ஸ் வாங்குறதுக்கு முன்னாடியே போன் போட்டு ரெண்டாவது டிவிக்கு மாசம் எவ்ளோ ஆகும்னு கேட்டு, அதை மெசேஜ்ல அனுப்பச் சொல்லி வச்சுக்கோங்க. ரெண்டு டிவிக்கும் ஒரே பேக் போடணும்னு சொன்னா ஒத்துக்காதீங்க, கீழ அப்பாவுக்கு தமிழும் நியூஸும் மட்டும், மாடில பசங்க சேனலும் ஸ்போர்ட்ஸும்னு நாங்க தனித்தனியாதான் வச்சிருக்கோம்.