புதுப்பிப்பு: சாரா என்று ஒருவர் இல்லை

நோயோ ஊனமோ உள்ளவரால் வேலை செய்ய இயலுமா என்று பார்த்து உதவித்தொகையைத் தீர்மானிக்க, பிரிட்டன் 2008இல் கொண்டுவந்த வேலைத்திறன் மதிப்பீட்டை மலேசியாவில் நாமும் பின்பற்றலாம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்குப் பொறுப்பான துறையே பொய்யை அச்சிட்டது என்று தெரிந்ததால், அந்தக் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அந்நாட்டின் வேலை, ஓய்வூதியத் துறை வெளியிட்ட துண்டறிக்கையில், உதவித்தொகை குறைக்கப்பட்டதால் தனக்கு நன்மையே விளைந்தது என்று ‘சாரா’ என்ற பெண் படத்தோடு சொல்லியிருந்தார். 2015 ஆகஸ்டில், தகவல் அறியும் சட்டப்படி ஒருவர் கேட்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது. பெயர் பொய். படம், யாரும் விலைக்கு வாங்கக்கூடிய பொதுப் படம். அந்தச் சொற்களை எந்தப் பயனாளியும் சொல்லவில்லை.

சுங்கை சிப்புட்டில் என் பெரியப்பா செம்பனைக் குலை வெட்டியவர். முதுகு ஒடிந்து படுத்திருக்கிறார். மலாய்க் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்கிறேன். “அரசாங்கம் அச்சடித்தது பொய்யாகுமா, தம்பி?” என்பார். அந்த நம்பிக்கையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன உதவித்தொகை உண்டு என்று முன்பு கேட்ட அக்காவுக்கு: இங்கே வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கும் வேலை செய்ய இயலாதவருக்கும் தனித்தனி உதவித்தொகை உண்டு. யார் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கும் அளவுகோலைத் தமிழிலும் அச்சிட்டுத் தரும்படி மனு எழுதிவிட்டேன். ஞாயிறன்று கோயில் மண்டபத்தில் கையெழுத்து வாங்குகிறோம்.