புதுப்பிப்பு: பன்றிக் கொட்டிலில் கயிறு கட்டி எச்சில் மாதிரி எடுப்பது

சுவாச வைரஸைக் கண்டுபிடிக்கப் பன்றியின் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பதை முன்பு எழுதியிருந்தோம். ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாத ஓசூர், பாலக்கோடு பக்கத்துப் பண்ணைகளுக்குக் கயிறுதான் சரி: பன்றிகள் அதை மெல்லும்போது எச்சில் அதில் ஊறிவிடும்.

சாயம் போடாத பருத்திக் கயிறு வாங்குங்கள். நைலான் எச்சிலை அவ்வளவாக உறிஞ்சாது. சுமார் 25 பன்றி உள்ள அறைக்கு ஒன்று போதும். பன்றியின் தோள் உயரத்தில் தொங்கவிட்டு, நுனியின் முறுக்கைப் பிரித்துவிடுங்கள். 20 முதல் 30 நிமிடம் மெல்லட்டும். ஈர நுனியைப் புதுப் பைக்குள் விட்டு வெளியிலிருந்தே பிழிந்து, பையின் மூலையை வெட்டிச் சோதனைக் குழாயில் இறக்குங்கள். 5 மில்லி தேறினால் தாராளம்.

தீனி வைத்தபின் கட்டுவதுதான் பெரிய தவறு. ஓட்டல் மிச்சம் போடும் இடத்தில் எண்ணெயும் சோறும் கலந்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையே கெட்டுப்போகும். விடியற்காலையில் கட்டுங்கள். தருமபுரி வெயிலுக்கு ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டி கட்டாயம். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேரட்டும்.

பால்குடிக் குட்டிகள் கயிற்றைச் சரியாக மெல்லாது. அவற்றுக்கு மூக்கு மாதிரிதான்.

இன்னொன்று: 2009-இல் பரவிய ஃபுளூ மனிதரிடமிருந்தும் பன்றிக்குத் தொற்றியது. காய்ச்சல், இருமல் உள்ளவரைக் கொட்டிலுக்குள் விடாதீர்கள்.