தண்டர்பேர்ட் மெயிலை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்க உதவி வேண்டும்

நண்பர்களே, கடை மெயில் மொத்தமும் ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப்பில் தண்டர்பேர்டில்தான் இருக்கிறது. பாப்3 கணக்கு, இறக்கியதும் சர்வரிலிருந்து அழிந்துவிடும், அதனால் இந்த டிஸ்க் போனால் பில், கொட்டேஷன் எல்லாம் போச்சு.

ஆப்டேட்டா, ரோமிங், தண்டர்பேர்ட், புரொஃபைல்ஸ் என்று உள்ளே போனால் வருகிற புரொஃபைல் ஃபோல்டரை, தண்டர்பேர்டை மூடிவிட்டு அப்படியே காப்பி செய்தால் போதும், அதுவரை தெரியும். சிக்கல் அப்புறம்தான். இன்பாக்ஸ் முழுக்க ஒரே ஃபைல், எக்ஸ்டென்ஷன்கூட இல்லாமல் வெறும் இன்பாக்ஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது, 4 ஜிபியைத் தாண்டிவிட்டது. என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோ ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கிறது, அவ்வளவு பெரிய ஃபைலை ஏற்காது. டிஸ்கில் ஏகப்பட்ட இடம் இருந்தும் இடம் போதாத மாதிரி முரண்டு பிடிக்கிறது. ஃபார்மட் செய்ய முடியாது, வீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான். விண்டோஸின் கன்வெர்ட் கமாண்டில், பெரிய ஃபைலையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டாக மாற்றினால் உள்ளே இருப்பது அழியாது என்கிறார்கள். யாராவது செய்து பார்த்தீர்களா?

இன்னொன்று. ஒரே ஒரு மெயில் புதிதாக வந்தாலும் அந்த மொத்த ஃபைலும் மாறியதாகத்தான் கணக்கு, நான் காப்பிக்குப் பயன்படுத்தும் விண்டோஸ் கமாண்டான ரோபோகாப்பி ஒவ்வொரு முறையும் முழுசாக இழுக்கிறது. பழைய மெயில்களை வருடவாரியாகத் தனி ஃபோல்டரில் போட்டு, இன்பாக்ஸை காம்பாக்ட் செய்து (நகர்த்திய, அழித்த மெயில்கள் ஃபைலில் பிடித்திருக்கும் இடத்தை நீக்கி) விட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைக்கிறேன். இல்லை, மெயில் ஒன்றுக்கு ஒரு ஃபைலாக வைக்கிற மெயில்டிர் முறைக்குப் போவது நல்லதா? அதை வருடக்கணக்கில் பயன்படுத்துகிறவர்கள் சொன்னால் நல்லது, காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் மட்டும் வேண்டாம்.