வயித்தோட்டத்துக்கு ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்பு-சீனித் தூள் பக்கற்) குடுக்கேக்க நீங்கள் கண்ட பிழையளை எழுதுங்கோ

வாட்மிஸ்:
ஒரு காட்சி இன்னும் கண்ணுக்க நிக்குது. பதினொரு மாசப் பிள்ளை. தாய் தேத்தண்ணி ரம்ளர் ஒண்டில பாதி ஜீவனிப் பக்கற்றைக் கொட்டிக் கரண்டியால கலக்கிறா. மிச்சப் பாதியை மடிச்சு றப்பர் பாண்ட் போட்டு அலுமாரித் தட்டில வைச்சாச்சு. கடுமையாக் கரைச்சாக் கெதியாக் கேக்கும் எண்டு அவவின்ர நினைப்பு. பிள்ளை ஆவலாக் குடிக்குது, குடிச்ச கையோட தண்ணியாப் போகுது, திரும்பவும் தாகத்தில அழுது.

பக்கற் ஒரு லீற்றருக்கு. அதில பாதியை 200 மில்லிலீற்றரில கரைச்சா இரண்டரை மடங்கு கடுமை. கடுமையான சீனித்தண்ணி குடலுக்க போனா உடம்பில இருக்கிற தண்ணியையும் குடலுக்க இழுத்துப்போடும், உப்பும் இரத்தத்தில கூடும். சின்னப் பிள்ளையளுக்கு அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். பக்கற்றைப் பிரிச்சு வைக்கிறதும் பிழை. தூள் அடியில ஒரு மாதிரி, மேல ஒரு மாதிரி நிக்கும், ஈரமும் இழுத்துக் கட்டியாகும்.

கொதித்தாறின தண்ணி ஒரு லீற்றர் அளந்து எடுங்கோ. அரை லீற்றர் தண்ணிப் போத்தல் இருந்தா ரெண்டு தரம். ஒன்றரை லீற்றர் போத்தலைக் கண்மதிப்பில நிரப்பாதேங்கோ. முழுப் பக்கற்றையும் போட்டுக் கரைச்சு மூடி வையுங்கோ. கரைச்ச பிறகு சூடாக்கக் கூடாது, சீனி, பால், சோடா ஒண்டும் சேர்க்கக் கூடாது. 24 மணித்தியாலம் போனா மிச்சத்தை ஊத்திப்போட்டுப் புதுசு கரையுங்கோ. ஒரு ரம்ளர்தான் குடிச்சது, மிச்சம் வீணாப் போகுதே எண்டு யோசிக்காதேங்கோ.

ரெண்டு வயசுக்குக் கீழ எண்டால் தண்ணியாப் போற ஒவ்வொரு தரமும் 50 முதல் 100 மில்லிலீற்றர். 80 கிராம் யோகட் கப்பைக் கழுவி வைச்சா அளவு கையோட இருக்கும். ரெண்டு முதல் பத்து வயசு வரைக்கும் 100 முதல் 200. பெரியாக்கள் கேக்கக் கேக்க. சத்தி எடுத்தா பத்து நிமிசம் பொறுத்து, பிறகு ரெண்டு மூண்டு நிமிசத்துக்கு ஒரு தேக்கரண்டி. பால்போத்தல் வேண்டாம், கப்பும் கரண்டியும் போதும். தாய்ப்பாலை ஒரு நேரமும் நிப்பாட்டாதேங்கோ.

பாமசியடி:
மருந்துத் துண்டு இல்லாம ஒரு ஐயா வந்தார். "பேத்திக்கு எட்டு மாசம். நிப்பாட்டுற குளிசை ரெண்டு தாங்கோ, அரைச்சுத் தேனில குடுக்கலாம்." வெளியில மோட்டர்சைக்கிள் ஸ்ராட்டிலயே நிக்குது. அவ்வளவு அவசரம் மனிசனுக்கு.

அவர் கேட்டது லோபரமைட். அது குடலின்ர அசைவை அடக்கும், தண்ணி இழக்கிறதை ஈடுசெய்யாது. கழிய வேண்டியது குடலுக்கையே கிடக்கும். குழந்தையளுக்கு வயிறு ஊதும், மயக்கம் வரும், மூச்சும் மந்தமாகலாம். பெரியாக்களும் காய்ச்சலோட போனா, இரத்தம் கலந்து போனா அதைத் தொடக் கூடாது. போன தரம் மிஞ்சின அன்ரிபயோட்டிக்கும் அதே மாதிரித்தான். பிள்ளையளின்ர வயித்தோட்டம் அனேகமா வைரசால வாறது, அந்தக் குளிசை அதுக்குக் கேக்காது. சில நேரம் இன்னும் இளக்கிப்போடும்.

குளிசை வேணுமெண்டா டொக்டரிட்ட துத்தநாகத்தைப் பற்றிக் கேளுங்கோ. ஆறு மாசத்துக்குக் கீழ ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம், அதுக்கு மேல 20. பத்து முதல் பதினாலு நாள். மூண்டாம் நாள் வயித்தோட்டம் நிண்டிட்டுது எண்டு அனேகம் பேர் நிப்பாட்டிப்போடுவினம். மிச்ச நாளும் குடுத்து முடிச்சாத்தான் குடல் தேறும், அடுத்த ரெண்டு மூண்டு மாசத்தில திரும்ப வாறதும் குறையும்.

தோட்டவெளி:
எல்லாரும் பக்கற்றைப் பற்றித்தான் எழுதுறீங்கள். மழை வெள்ளத்தில கடை பூட்டிக் கிடந்தா என்ன செய்யிறது? எங்கட பக்கத்தில செவ்விளநிதான். ரெண்டு வெட்டிக் குடுத்தா ஜீவனி தேவையில்லை.

வாட்மிஸ்:
இளநியைக் குடிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா அது ஜீவனிக்கு ஈடில்லை. இளநியில பொட்டாசியம் கூட, சோடியம் குறைவு. வயித்தோட்டத்தில கூடுதலா இழக்கிறது சோடியம். கிட்னி வருத்தக்காரருக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து.

கடை பூட்டினா ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணி, ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் கத்தியால வழிச்சு மட்டமா எடுக்க வேணும், கும்பமா இல்லை. முதல் நாக்கில ஒரு சொட்டு விட்டுப் பாருங்கோ. கண்ணீரைவிட உப்புக் கரிச்சா ஊத்திப்போட்டுத் திரும்பக் கரையுங்கோ. உப்புப் போட்ட சோத்துக் கஞ்சியும் நல்லது. சோடா, பக்கற் ஜூஸ், குளுக்கோஸ் தூள் மூண்டும் வேண்டாம், சீனி கூடி இன்னும் போக வைக்கும்.

கிணத்தடி:
ஒரு வளவில நாலு பேருக்கு ஒரே கிழமையில வயித்தோட்டம். கிணத்துக் கட்டில நிண்டு பாத்தா, மலசலகூடக் குழி மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வளவில. அதை ஒருத்தரும் கணக்கில எடுக்கேல்ல.

எங்கட யாழ்ப்பாண நிலம் சுண்ணாம்புக்கல். மணல் மாதிரி வடிகட்டாது, வெடிப்புக்குள்ளால அழுக்குத் தண்ணி நேர ஓடிவரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நீர்மட்டம் ஏறி, குழியும் கிணறும் ஒரு மட்டத்துக்கு வந்திடும். தண்ணி தெளிவா இருக்குது எண்டு நம்பிக் குடிக்கக் கூடாது.

குளோரின் போடுறதெண்டால் முதல் கிணத்தை அளவுங்கோ. விட்டத்தை விட்டத்தால பெருக்கி, நீர் ஆழத்தால பெருக்கி, 0.785 ஆல பெருக்குங்கோ. எல்லாம் மீற்றரில. 3 மீற்றர் விட்டம், 3 மீற்றர் தண்ணி எண்டால் 21 கனமீற்றர், அதாவது 21,000 லீற்றர். நல்ல பிளீச்சிங் பவுடர் 1000 லீற்றருக்கு 2.5 கிராம் கணக்கில 53 கிராம் வருது. வாளியில களியாக் குழைச்சு, தண்ணி விட்டுக் கலக்கி, பத்து நிமிசம் அடைய விடுங்கோ. மேல நிக்கிற தெளிஞ்ச தண்ணியை மட்டும் வேற வாளிக்கு மாத்திக் கிணத்துக்க இறக்கி, மேலயும் கீழயும் அசைச்சுக் கலவுங்கோ. அடியில நிக்கிற சுண்ணாம்பைக் கிணத்துக்க ஊத்தாதேங்கோ, தண்ணி இன்னும் கடுமையாகும். இரவு போட்டு விடிய அள்ளுறது வசதி, குறைஞ்சது ஒரு மணித்தியாலமாவது விட வேணும். தண்ணி கலங்கியிருந்தா குளோரின் அதிலயே தீந்துபோகும், முதல் இறைச்சுத் தெளிய விடுங்கோ. மிஞ்சின குளோரினைப் பொது சுகாதாரப் பரிசோதகர் அளந்து பாப்பார். லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் நிண்டாச் சரி. வெள்ளத்துக்குப் பிறகு அளவு கூட வேணும், அதை அவரைக் கேட்டுத்தான் போடுங்கோ.

உவர்க் கிணத்துத் தண்ணியில ஜீவனி கரைக்காதேங்கோ. கொதிக்க வைச்சாக் கிருமி சாகும், உப்புப் போகாது. தீவுப் பக்கத்து ஆக்கள் பவுசர் தண்ணியையோ போத்தல் தண்ணியையோ இதுக்கெண்டு ஒதுக்கி வையுங்கோ.

சுன்னாகம்88:
கிணத்துக் கதை ஒரு பக்கம். கரண்டி கரண்டியாக் குடுத்து எப்ப சுகம் வாறது? சேலைன் ஏத்தினா ஒரு மணித்தியாலத்தில எழும்பி நடக்குதுகள்.

பாமசியடி:
தம்பி, 1971இல வங்காள அகதிகள் இந்தியாவின்ர மேற்கு வங்காளத்தில பொங்காவ் முகாமில வாந்திபேதியால விழுந்துகொண்டிருக்க, சேலைன் முடிஞ்சுபோச்சு. டொக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் தண்ணியில கரைச்சு, சொந்தக்காரர் கையாலயே குடிக்கக் குடுப்பிச்சார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில சாவு நாலுக்குக் கீழ வந்தது. குளுக்கோஸ் குடல் சுவரால உள்ள போகேக்க சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், பின்னால தண்ணியும் போகும். வயித்தோட்டத்திலயும் அந்த வழி பூட்டுப்படாது. வாயால குடிக்கேலாத ஆளுக்குத்தான் சேலைன்.

மாலைசந்தி:
முதியவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எண்பது வயது அப்பு ஒருவர், இரண்டு நாள் வயிற்றோட்டத்தோடு சாய்மனைக் கதிரையில் இருந்தபடி பிரஷர் குளிசையையும் தண்ணீர் போகிற குளிசையையும் நேரம் தவறாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர், தொடவேயில்லை. வயது போனவர்களுக்குத் தாகம் தெரியாது. உடம்பு காய்ந்திருக்கும்போது இந்தக் குளிசைகள் சிறுநீரகத்தை அடித்துவிடும். மெற்போமின் எடுக்கிற சீனி வருத்தக்காரருக்கும் இதே கவனம் வேண்டும். நீங்களாக நிறுத்தாமல், அன்றே கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பது இவர்களிடம் சரிவராது, வயதுக்கே தோல் தளர்ந்திருக்கும். எழும்பி நிற்கும்போது தலைச்சுற்று வருகிறதா, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறதா, பேச்சுத் தடுமாறுகிறதா என்று பாருங்கள்.

குடும்பநலம்:
வீட்டு வாசலில அம்மம்மா வாயில விரலை வைச்சு "சத்தம் போடாதேங்கோ மிஸ், பிள்ளை இப்பதான் அசந்து நித்திரை" எண்டா. பிள்ளை நித்திரை இல்லை. உள்ளங்காலைச் சுண்டினாலும் அழேல்ல, கண் பாதி மூடி உள்ள போயிருந்தது. நாவூறு கழிச்ச மிளகாய் இன்னும் அடுப்படியில கிடந்தது.

பிள்ளையை எழுப்பிப் பாருங்கோ. எழும்பிக் குடிக்குதோ? அழேக்க கண்ணீர் வருதோ? உச்சிக்குழி பள்ளமோ? தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில தோலை ரெண்டு விரலால நெடுக்கா ஒரு செக்கன் பிடிச்சு விடுங்கோ. மடிப்பு ரெண்டு செக்கனுக்கு மேல நிண்டால் ஒரு நிமிசமும் மினக்கெட வேண்டாம். கொழுத்த பிள்ளையில மடிப்பு நிக்காமலும் இருக்கலாம், அதை மட்டும் நம்பாதேங்கோ. பம்பர்ஸ் கட்டினாத் தண்ணியாப் போறது எது, மூத்திரம் எது எண்டு தெரியாது. துணி விரிச்சுப் பாருங்கோ. ஆறு மணித்தியாலம் மூத்திரம் இல்லையெண்டால், இரத்தம் கலந்து வயித்துளைவாப் போனால், குடிக்கிறதெல்லாம் சத்தியா வந்தால், கடுங்காய்ச்சல் எண்டால், அரிசி கழுவின தண்ணி மாதிரி விடாமப் போனால் உடன கொண்டுபோங்கோ. ஆறு மாசத்துக்குக் கீழ எண்டால் இதொண்டும் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காம முதல் நாளே காட்டுங்கோ. பல்லு முளைக்கிற வயித்தோட்டம் எண்டு விடாதேங்கோ.

இரவு வாகனம் இல்லையெண்டால் 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசில்லை. பிள்ளை முழிப்பா இருந்தாப் போற வழியிலயும் கரண்டியால குடுத்துக்கொண்டு போங்கோ. மயக்கமா இருந்தா வாயில ஒண்டும் விடக் கூடாது, புரைக்கேறும். கடைசியா எத்தினை மணிக்கு மூத்திரம் போனது எண்டதை ஒரு துண்டில எழுதி எடுத்துக்கொண்டு போங்கோ. டொக்டர் முதல் கேக்கிறது அதைத்தான்.