டர்பன்ல வீடு வாங்குறோம், ஏஜென்ட் யாரு பக்கம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு வீடு பாத்தோம், அம்மாவுக்கு ரொம்ப புடிச்சுப்போச்சு. காட்டுன ஏஜென்ட் தன்மையாதான் பேசுறாரு, ஆனா மேக்ஸிமம் எவ்வளவு வரை போவீங்க, பேங்க்ல எவ்வளவு அப்ரூவ் ஆச்சுன்னு கேட்டுட்டே இருக்காரு, நாங்க இன்னும் சொல்லல. விக்கிறவங்க அவருக்கு சோல் மேண்டேட் (வேற ஏஜென்ட் இல்லாம இவரு மட்டும் வித்துக் குடுக்கிற உரிமை) குடுத்திருக்காங்க, கமிஷனும் அவங்கதான் தர்றாங்க, அப்போ நம்ம பட்ஜெட்டை சொன்னா நேரா அவங்க காதுக்குத்தானே போகும்?

இன்னொன்னு, தென்னாப்பிரிக்காவுல 2022 பிப்ரவரில நடைமுறைக்கு வந்த ப்ராப்பர்ட்டி ப்ராக்டிஷனர்ஸ் ஆக்ட் படி வீட்டுல உள்ள குறையெல்லாம் விக்கிறவங்க டிஸ்க்ளோஷர் ஃபார்ம்ல எழுதி சைன் பண்ணி குடுக்கணும், அது கைக்கு வராம ஏஜென்ட் மேண்டேட்டே எடுக்கக்கூடாது, ஆஃபர் போட நினைக்கிறவங்களுக்கு காப்பியும் தரணும். இவரு என்னடான்னா முதல்ல ஆஃபர்ல சைன் பண்ணுங்க, அப்புறம் தர்றேங்கிறாரு. கிச்சன்ல சிங்க் கீழ கதவைத் திறந்தா சுவத்துல பெயிண்ட் உப்பிக்கிட்டு இருக்கு, விரல் வச்சா மாவா உதிருது, அதான் எனக்கு பயமே. ரெண்டு பக்கமும் சைன் ஆயிட்டா அது ஒப்பந்தம், பின்வாங்குறது லேசு இல்ல.

அவரோட ஃபிடிலிட்டி ஃபண்ட் சர்டிபிகேட் (ஏஜென்ட் வேலை பாக்க வேண்டிய சான்றிதழ்) பாத்துட்டேன், அது சரியா இருக்கு.

வாங்குறவங்களுக்காக மட்டும் வேலை செய்யுற ஏஜென்ட்டை இங்க யாராச்சும் வச்சீங்களா, அவருக்கு ஃபீஸ் யாரு குடுத்தாங்க? கன்வேயன்சரையும் (வீட்டை நம்ம பேருக்கு மாத்திப் பதிவு பண்ற வக்கீல்) வழக்கமா விக்கிறவங்கதான் வைக்கிறாங்க, செலவு மட்டும் நம்ம தலையில, அதனால ஆஃபரை தனியா ஒரு வக்கீல்கிட்ட காட்டிட்டு சைன் பண்ணலாம்னு இருக்கேன். அப்படி செஞ்சவங்க இருந்தா, ஆஃபர்ல எந்த ஷரத்தை மாத்தச் சொன்னாங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதுங்க, ஏஜென்ட் இந்த வாரமே பதில் கேக்குறாரு.